கார்ப்பரலுக்கு எழுதிய காதல் கடிதங்கள்

1954 மார்ச் மாதம், இங்கிலாந்தின் தெற்கே வின்செஸ்டர் நகரத்து நீதிமன்றத்தில் ஒரு வழக்கு எட்டு நாள் நடந்தது. சாட்சிக் கூண்டில் நின்ற பீட்டர் வைல்ட்பிளட்டுக்கு அப்போது வயது 30. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், ‘டெய்லி மெயில்’ நாளிதழின் வெளியுறவுச் செய்தியாளர். அவரைக் குறுக்கு விசாரணை செய்த அரசு வழக்கறிஞர் ராபர்ட்ஸ் ஒரு கட்டத்தில் இப்படிக் கேட்டார்: உங்களைப் போன்ற ஆண்கள் காதலுக்கு ஆள் தேடும்போது தங்கள் நிலைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில்தான் தேடுவீர்கள், அப்படித்தானே? இந்த விமானப்படைக் கார்ப்பரலையே (அதிகாரி அல்லாத கீழ்நிலைப் படைவீரர்) எடுத்துக்கொள்வோம். சமூக நிலையில் அவர் உங்களுக்கு எவ்வளவோ கீழே இருப்பவர் இல்லையா?

சுத்த அபத்தம் என்றார் வைல்ட்பிளட். போர்க்காலத்தில் நான் யாரோடு பழகினேன் என்று ஒருவரும் இப்படி என் முகத்தில் வீசியதில்லையே என்றும் சொன்னார்.

வழக்கு ஆணும் ஆணும் கொண்ட உறவைப் பற்றியது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது குற்றம். ஆனால் ஒரு செய்தியாளர் ஒரு கார்ப்பரலைக் காதலிக்கக் கூடாது என்று எந்தச் சட்டப் பிரிவும் சொல்லவில்லை. பிரபுவுக்கும் பிரபுவுக்கும் நடந்தால் ஒரு தண்டனை, பிரபுவுக்கும் சிப்பாய்க்கும் நடந்தால் இன்னொரு தண்டனை என்றும் கிடையாது. பிறகு ஏன் அந்தக் கேள்வி? இந்த வழக்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது அதுதான். அதற்குப் பதில் தேடினால், போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் வர்க்கம் தாண்டிய ஒரு ரகசியக் காதல் எப்படிப் பிழைத்தது, எங்கே உடைந்தது என்பது ஓரளவு விளங்கும்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். கூண்டில் நின்றவர்கள் மூன்று பேர். ஒருவர் எட்வர்ட் மாண்டகு பிரபு, ப்யூலி என்ற பெரும் பண்ணைக்கும் அரண்மனைக்கும் வாரிசு. (எழுத்தைப் பார்த்துப் படித்தால் வேறு ஏதோ பிரெஞ்சுப் பெயர் போலத் தோன்றும், ஊர்க்காரர்கள் சொல்வது ப்யூலி. இங்கிலாந்தில் ஒரு பெயரை எப்படி உச்சரிக்கிறாய் என்பதுகூட நீ எந்த வர்க்கம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.) இரண்டாமவர் மைக்கேல் பிட்-ரிவர்ஸ், மாண்டகுவின் உறவினர், டோர்செட் வட்டாரத்தில் நிலவுடைமையாளர். மூன்றாமவர் வைல்ட்பிளட். எதிரே அரசுத் தரப்பு சாட்சிகளாக நின்றவர்கள் விமானப்படையின் இரண்டு இளைஞர்கள். அவர்களில் ஒருவர்தான் அந்தக் கார்ப்பரல். அவர் பெயர் ஆவணங்களில் இருக்கிறது. ஆனால் பிரபலமாக வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டவர் அல்ல. இந்தக் கட்டுரையிலும் அவர் கார்ப்பரலாகவே இருக்கட்டும்.

1952இல் லண்டனில், பிக்காடிலி பகுதியில், வைல்ட்பிளட்டும் கார்ப்பரலும் தற்செயலாகச் சந்தித்தார்கள். பழக்கம் காதலாயிற்று. கார்ப்பரல் முகாமுக்குத் திரும்பிவிடுவார். வைல்ட்பிளட் கடிதம் எழுதுவார். ஒன்றிரண்டு அல்ல, வரிசையாக. அந்த ஆண்டுக் கோடையில் மாண்டகு தனக்குச் சொந்தமான கடற்கரைக் குடில் ஒன்றை நண்பர் வைல்ட்பிளட் தங்குவதற்குக் கொடுத்தார். வைல்ட்பிளட்டோடு கார்ப்பரலும் அவருடைய விமானப்படை நண்பரும் வந்தார்கள். ஒரு மாலை விருந்து நடந்தது. கொஞ்சம் குடித்தோம், ஆடினோம், முத்தமிட்டோம், அவ்வளவுதான் என்றார் மாண்டகு பல பத்தாண்டுகள் கழித்து. அரசுத் தரப்பு அதை ஆடம்பரக் களியாட்டமாகச் சித்திரித்தது. தங்களைவிட எவ்வளவோ உயர்ந்த நிலையில் இருந்தவர்களின் உபசரிப்பில் மயங்கி அந்த இரண்டு எளிய பையன்களும் கெட்டுப்போனார்கள் என்பது அவர்கள் சொன்ன கதை.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். 1950களின் இங்கிலாந்தில் ஒரே பள்ளியில் படித்த இரண்டு ஆண்கள் லண்டனில் ஒரே வீட்டில் தங்கினால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். கல்லூரித் தோழர்கள், ஒரே கிளப்பின் உறுப்பினர்கள், சேர்ந்து தொழில் செய்பவர்கள் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும். இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் பாடகர் பீட்டர் பியர்ஸும் பல பத்தாண்டுகள் ஒன்றாகவே வாழ்ந்தார்கள். சேர்ந்து கச்சேரி செய்தார்கள், ஆல்டுபரோ என்ற கடலோர ஊரில் சேர்ந்து வீடு வைத்திருந்தார்கள். பார்த்தவர்கள் பலர் புரிந்துகொண்டிருப்பார்கள். ஆனால் வெளியே சொல்லிக்கொள்ள இசை என்ற காரணம் இருந்தது. புரியாததுபோல் இருக்க விரும்பியவர்களுக்கு அது போதும்.

ஒரு செய்தியாளருக்கும் ஒரு கார்ப்பரலுக்கும் என்ன காரணம் இருக்க முடியும்? ஒரே பள்ளி இல்லை, ஒரே ஊர் இல்லை, ஒரே கிளப் இல்லை. இரண்டு பேரும் உணவகத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தாலே பக்கத்து மேசைக்குத் தெரிந்துவிடும், இவர் பேசும் இங்கிலீஷ் வேறு, அவர் பேசும் இங்கிலீஷ் வேறு என்று. சட்டை வேறு, காலணி வேறு, கத்தி-முள்கரண்டி பிடிக்கும் விதம் வேறு. காதலை ஒளிப்பதற்கு முன்னால் அவர்கள் நட்பையே ஒளிக்க வேண்டியிருந்தது. வர்க்கம் தாண்டிய காதலின் முதல் சிக்கல் இதுதான். அங்கே ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தது முத்தம் அல்ல, பேச்சு வழக்கு.

ஒரே ஒரு உறவுமுறைக்கு மட்டும் ஊர் கேள்வி கேட்காமல் வழிவிட்டது: முதலாளி, வேலைக்காரன். காரோட்டி, தோட்டக்காரர், உதவியாளர் என்று யாரையாவது வீட்டில் வைத்துக்கொண்டால் யாருக்கும் உறுத்தாது. அதாவது சமமாகப் பழகினால் சந்தேகம், ஏவல் செய்யவைத்தால் மரியாதை. இதிலுள்ள வக்கிரத்தை அந்தச் சமூகம் வக்கிரமாகப் பார்க்கவே இல்லை.

இதற்கு விலக்காக எழுத்தாளர் ஈ.எம். ஃபார்ஸ்டரைச் சொல்லலாம். கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியோடு ஆயுள் முழுக்கத் தொடர்புடையவர். 1930இல் லண்டனில் ஒரு போலீஸ்காரரைச் சந்தித்துக் காதலித்தார். ஆமாம், எந்தச் சட்டம் அவரைச் சிறையில் போட்டிருக்குமோ அதே சட்டத்தின் காவலர். அந்தக் காவலர் பிறகு திருமணம் செய்துகொண்டார். தொடக்கத்துக் கசப்புகளுக்குப் பிறகு ஃபார்ஸ்டர் அவருடைய மனைவிக்கும் நெருங்கிய நண்பர் ஆனார். 40 ஆண்டுகள் நீடித்த அந்தப் பந்தம், 1970இல் கோவென்ட்ரியில் அந்தத் தம்பதியின் வீட்டில் ஃபார்ஸ்டர் கண்ணை மூடியபோதுதான் முடிந்தது. காதல் குடும்ப நட்பு என்ற போர்வைக்குள் வந்துவிட்டது; காகிதம் எதுவும் போலீஸ் கைக்குப் போகவில்லை. எல்லோருக்கும் அப்படி அமைந்துவிடுவதில்லை.

போர் இதில் ஒரு விசித்திரமான வேலை செய்தது. 1939 முதல் 1945 வரை ஒரே பாசறையில், ஒரே பதுங்கு அறையில், ஒரே ரேஷன் உணவில் எல்லா வர்க்கத்து ஆண்களும் கலந்து கிடந்தார்கள். வைல்ட்பிளட்டே விமானப்படையில் இருந்தவர். விமானி ஆகப் பயிற்சி எடுத்தார். விமானம் அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை, சில முறை விபத்தில் சிக்கினார். அப்புறம் வானிலைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கார்ப்பரல் போட்டிருந்த அதே நீலச் சீருடையை அவரும் போட்டிருக்கிறார். நீதிமன்றத்தில் அவர் போரை நினைவூட்டியதன் உள்ளர்த்தம் இதுதான். ஆறு ஆண்டுகள் நம்மையெல்லாம் ஒன்றாக நிற்கச் சொன்னீர்கள், குண்டு விழும்போது யார் மேல், யார் கீழ் என்று கேட்கவில்லை; இப்போது மட்டும் ஏன்? 1945 தேர்தலில் தொழிற்கட்சி வென்றது. 1948இல் இலவச மருத்துவம் வந்தது. எல்லோரும் சமம் என்ற பேச்சு நாடெங்கும் கேட்டது. ஆனால் நீதிமன்றத்து வழக்கறிஞரின் நாக்கில் பழைய இங்கிலாந்துதான் இருந்தது.

அந்தக் கேள்வியே பழையதுதான். 1895இல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு தொடுத்த அவதூறு வழக்கில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன் அவரைத் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். வேலையாளோடும் குதிரைக்காரனோடும் நீங்கள் ஏன் விருந்து சாப்பிட்டீர்கள்? அவர்களோடு உங்களுக்கு என்ன பேச்சு? சமூக வித்தியாசம் தனக்கு ஒரு பொருட்டே அல்ல என்றார் வைல்டு. அந்த வழக்கை அவர் பாதியில் கைவிட வேண்டியதாயிற்று; பிறகு அவர் மீதே வழக்கு வந்தது, சிறை போனார். ஒரு கனவான் கீழ்த்தட்டு இளைஞனைச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார் என்றால் வேறு எதற்காக இருக்கும் என்ற ஊகமே பாதி சாட்சியமாகிவிட்டது. 59 ஆண்டுகள் கழித்து வின்செஸ்டரிலும் அதே ஊகம். வர்க்க வித்தியாசம் குற்றம் இல்லை. ஆனால் குற்றம் நடந்தது என்பதற்கு அது அடையாளம். ராபர்ட்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டதன் காரணம் இதுதான்.

சட்டம் எப்படி வேலை செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு இடையிலான உடலுறவை 1533இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் மரண தண்டனைக் குற்றமாக்கியது. 1861இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. (அந்த 1533 சட்டத்தின் வாரிசுதான் 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் நுழைந்த 377ஆவது பிரிவும், 1883இல் இலங்கையின் சட்டத்தில் நுழைந்த 365ஆவது பிரிவும். இந்திய உச்ச நீதிமன்றம் 377இன் பல்லைப் பிடுங்கியது 2018இல்.) 1885இல் ஹென்றி லாபூஷேர் என்ற எம்.பி. இன்னொரு பிரிவைச் செருகினார். ஆண்களுக்கு இடையே ‘கடும் ஒழுக்கக்கேடு’ நடந்தால், அது பொது இடமானாலும் சரி, தனியிடமானாலும் சரி, இரண்டு ஆண்டு வரை சிறை. அந்த ‘தனியிடம்’ என்ற சொல்தான் வினை. கதவைச் சாத்திக்கொண்டாலும் சட்டம் உள்ளே வரும். மிரட்டிப் பணம் பறிப்பவர்களின் சாசனம் என்றே அந்தப் பிரிவுக்குப் பெயர்.

ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் இருவரின் சம்மதத்தோடு நடந்ததற்குப் புகார் கொடுக்க யார் இருக்கிறார்கள்? பாதிக்கப்பட்டவர் இல்லை, மூன்றாவது ஆள் இல்லை. வழக்கு நிற்க வேண்டுமென்றால் இருவரில் ஒருவர் மற்றவருக்கு எதிராகப் பேசியாக வேண்டும். யாரைப் பேசவைப்பது சுலபம்? பண்ணை வீடும் வழக்கறிஞர்களும் உள்ளவரையா, ராணுவ ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு மேலதிகாரியின் முன் விறைத்து நிற்க வேண்டிய கார்ப்பரலையா? விமானப்படைப் போலீஸ் முதலில் பிடித்தது கார்ப்பரலை. அவருடைய பொருள்களுக்கிடையே வைல்ட்பிளட்டின் கடிதங்கள் கிடைத்தன. தங்கள் மீது வழக்கு வராது என்ற உறுதியின் பேரில் அவரும் அவருடைய நண்பரும் அப்ரூவர் ஆனார்கள்.

இங்கே கடிதங்களின் பங்கு முக்கியம். உடந்தையாக இருந்தவனின் சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டிப்பது ஆபத்து, அதை உறுதிப்படுத்த வேறு ஆதாரம் வேண்டும் என்று ஜூரிகளை நீதிபதி எச்சரிப்பது அந்தக் காலத்து ஆங்கிலச் சட்ட மரபு. அந்த வேறு ஆதாரமாகத்தான் காதல் கடிதங்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. பாசறையில் ஒரு கார்ப்பரலுக்குச் சொந்தமாகக் கதவு கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும். பெட்டியை அதிகாரி எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அந்தக் கடிதங்களை அவர் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை, வைத்திருந்தார். சாட்சிக் கூண்டில் நின்று அவர் சொன்னதையெல்லாம் படித்துவிட்டு அவரைக் கோழை என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கடிதக் கட்டுதான் நினைவுக்கு வருகிறது.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு மான்செஸ்டரில் நடந்ததைச் சொன்னால் இந்த இயந்திரம் ஓடும் விதம் இன்னும் தெளிவாகும். கணிதமேதை ஆலன் டூரிங் 1951 டிசம்பரில் ஒரு சினிமா தியேட்டர் வாசலில் 19 வயது இளைஞன் ஒருவனைச் சந்தித்தார். ஏழைக் குடும்பம், நிலையான வேலை இல்லை. சில வாரங்களில் டூரிங் வீட்டில் திருட்டு நடந்தது. செய்தது அந்த இளைஞனுக்குத் தெரிந்த ஒருவன். டூரிங் வெகுளியாகப் போலீஸுக்குப் போனார். திருட்டை விசாரிக்க வந்தவர்கள் உறவைக் கண்டுபிடித்தார்கள், டூரிங்கும் மறைக்கவில்லை. 1952 மார்ச்சில் வழக்கு வந்தபோது, இளைஞனின் வழக்கறிஞர் வாதம் இப்படிப் போயிற்று: என் கட்சிக்காரர் பல்கலைக்கழக ஆசிரியர் அல்லர், புகைப்பட அச்சு வேலை செய்பவர், அணுகியது மற்றவர்தான். வாதம் எடுபட்டது. இளைஞனுக்கு நிபந்தனையோடு விடுதலை. டூரிங்குக்குச் சிறைக்குப் பதிலாக ஓராண்டு ஹார்மோன் சிகிச்சை. 1954 ஜூனில் அவர் இறந்தார். மேலே இருப்பவன் கெடுப்பவன், கீழே இருப்பவன் கெடுக்கப்பட்டவன் என்ற வார்ப்பில் இரண்டு பேரையும் ஊற்றிவிட்டால் காதல் என்ற சொல்லுக்கு இடமே இருக்காது. ஏழையைக் காப்பாற்றுவதுபோல் தோன்றும் அந்த வாதம், அவனுக்குச் சொந்தமாக ஒரு விருப்பம் இருந்திருக்கலாம் என்பதை மறுத்துவிடுகிறது.

ஏன் இந்தப் பத்தாண்டில் இத்தனை வழக்குகள் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 1951இல் பர்ஜஸ், மக்லீன் என்ற இரண்டு வெளியுறவு அதிகாரிகள் சோவியத் பக்கம் ஓடிப்போனார்கள்; பர்ஜஸ் ஆண்களை விரும்பியவர் என்பதால் இத்தகையோர் எல்லாம் தேசத்துக்கு ஆபத்து என்ற பேச்சு கிளம்பியது. உள்துறை அமைச்சர் டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப் இந்த விஷயத்தில் கடுமையானவர். (நியூரம்பெர்க்கில் நாஜிகளைக் குறுக்கு விசாரணை செய்த அதே ஃபைஃப்தான். வின்செஸ்டரில் வாதாடிய ராபர்ட்ஸும் நியூரம்பெர்க் குழுவில் இருந்தவர்.) 1953 அக்டோபரில் நடிகர் ஜான் கீல்குட் கைதாகி 10 பவுண்டு அபராதம் கட்டினார். திட்டமிட்ட வேட்டையோ, தனித்தனிக் காவலர்களின் ஆர்வமோ, எதுவானாலும் 1954 இறுதியில் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இந்தக் குற்றங்களுக்காக 1,069 ஆண்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயரை எந்த நாளிதழும் கொட்டை எழுத்தில் போடவில்லை.

மாண்டகு வழக்குக்கு ஒரு முன்கதையும் உண்டு. 1953 டிசம்பரில் வேறு ஒரு குற்றச்சாட்டில் அவரை வின்செஸ்டரில் நிறுத்தினார்கள். ஒரு குற்றச்சாட்டில் விடுதலை, இன்னொன்றில் ஜூரிகள் ஒத்த முடிவுக்கு வரவில்லை. அரசுத் தரப்புக்கு அது முகத்தில் கரி. சில வாரங்களிலேயே, 1954 ஜனவரி 9ஆம் தேதி காலையில், மூன்று பேரையும் தனித்தனியே கைது செய்தார்கள். வைல்ட்பிளட்டின் வீட்டைச் சோதனையிட்ட போலீஸாரிடம் வாரண்ட் இல்லை. இந்த முறை சதிக் குற்றச்சாட்டும் சேர்ந்தது. ஆஸ்கார் வைல்டு வழக்குக்குப் பிறகு இத்தகைய விஷயத்தில் அது பயன்பட்டது இதுவே முதல் தடவை. சதி என்று சேர்த்துவிட்டால் மூன்று பேரையும் ஒரே கயிற்றில் கட்டலாம். ஒருவருக்கு எதிரான கடிதம் மற்ற இருவரையும் நனைக்கும்.

நீதிமன்றத்தில் வைல்ட்பிளட் செய்த ஒரு காரியம் அந்தக் காலத்தில் யாரும் செய்யாதது. சாட்டப்பட்ட செயல்களை மறுத்தார். ஆனால் தான் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கடிதங்களையும் வெறும் நட்பு என்று சொல்லி நழுவவில்லை. கார்ப்பரல் மீது தனக்கு ஆழ்ந்த அன்பு இருந்தது என்றார். சட்டக் கணக்கில் அது தற்கொலைக்குச் சமம். அவருக்கும் பிட்-ரிவர்ஸுக்கும் 18 மாதம் சிறை, மாண்டகுவுக்கு 12 மாதம். தீர்ப்பு வந்தது மார்ச் 24ஆம் தேதி.

வெளியே கூட்டம் காத்திருந்தது. கைதிகளைப் பார்த்துத் துப்பவும் கூச்சலிடவும் வந்த கூட்டம் என்றுதான் உள்ளே இருந்தவர்கள் நினைத்தார்கள். கூட்டம் கூச்சல் போட்டது, ஆனால் சாட்சி சொன்ன இரண்டு விமானப்படையினரைப் பார்த்து. கைதிகளின் வண்டி புறப்பட்டபோது கையசைத்தார்கள், தைரியமாக இருங்கள் என்று குரல் கொடுத்தார்கள். வைல்ட்பிளட் இதைப் பெரிய ஆறுதலாகக் குறித்துவைத்திருக்கிறார். வழக்கின் வரலாற்றை எழுதியவர்களும் இதையே திருப்புமுனை என்கிறார்கள். எனக்கு மட்டும் இதில் ஒரு முள் தைக்கிறது. அந்த ஊர் மக்கள் மன்னித்தது பிரபுவை. கூச்சல் போட்டது கார்ப்பரலைப் பார்த்து. காட்டிக்கொடுத்தவன் என்ற கோபம் நியாயமானதாகவே இருக்கட்டும். காட்டிக்கொடுக்க வைத்தவர்கள் அந்தக் கூட்டத்தின் முன் நிற்கவே இல்லையே.

நான்கு நாள் கழித்து ‘சண்டே டைம்ஸ்’ தலையங்கம் எழுதியது: சட்டம் மக்கள் கருத்தோடு ஒட்டவில்லை, இதில் போலித்தனம் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. ஃபைஃப் வேறு வழியின்றி 1954 ஆகஸ்டில் ஒரு குழு அமைத்தார். ரெடிங் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஜான் வோல்ஃபெண்டன் தலைவர். தன்பாலீர்ப்பு, விபச்சாரம் என இரண்டையும் ஒரே குழுவிடம் ஒப்படைத்தார்கள். பெண் செயலாளர்களின் காது கூசக் கூடாது என்று குழுவினர் தமக்குள் குறிச்சொல் வைத்துக்கொண்டார்கள்: முதலாவது ‘ஹன்ட்லி’, இரண்டாவது ‘பால்மர்’. ஹன்ட்லி அண்ட் பால்மர்ஸ் ரெடிங் ஊரின் பிரபல பிஸ்கட் கம்பெனி. ஆயிரக்கணக்கான ஆண்களின் தலைவிதி பிஸ்கட் பெயரில் விவாதிக்கப்பட்டது.

சிறையிலிருந்து வந்த வைல்ட்பிளட் 1955இல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார், குழுவின் முன்னும் சாட்சியம் சொன்னார். தன்னை மறைக்காமல் குழுவின் முன் வந்தவர்கள் மூன்று பேர்தான். மற்ற இருவர் ஒரு கண் மருத்துவரும் கேம்பிரிட்ஜில் ஓர் அருங்காட்சியகத்தின் இயக்குநரும். மூன்று பேரும் கனவான்கள், கவனியுங்கள். கார்ப்பரல்களையோ தொழிற்சாலைப் பையன்களையோ இப்படிக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கவில்லை. வைல்ட்பிளட்டின் எழுத்திலும் ஒரு கோடு ஓடுகிறது: நாங்கள் ஒழுங்கானவர்கள், அடக்கமானவர்கள், தெருவில் குலுக்கி நடப்பவர்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள். அவருக்கு அப்போது வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். இருந்தாலும், வர்க்கத்தைத் தாண்டிக் காதலித்ததற்காகச் சிறை போனவர், சிறைக்கு வெளியே வந்து மரியாதைக்குரியவர் பக்கம் நின்றே பேச வேண்டியிருந்தது என்பது மனத்தை நெருடத்தான் செய்கிறது.

குழுவின் அறிக்கை 1957 செப்டம்பரில் வந்தது. 21 வயது நிறைந்த ஆண்கள் சம்மதத்தோடு, தனியிடத்தில் செய்வது குற்றமாகக் கூடாது என்றது. அதைச் சட்டமாக்க இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. எம்.பி. லியோ ஆப்ஸியும் பிரபுக்கள் சபையில் ஆரன் பிரபுவும் மல்லுக்கட்டி, 1967 ஜூலையில் நிறைவேற்றினார்கள். அதுவும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்துக்கு 1980இல், வட அயர்லாந்துக்கு 1982இல்.

1885இல் வினையாக இருந்த ‘தனியிடம்’ என்ற சொல்தான் 1967இல் விடுதலைச் சீட்டு ஆயிற்று. ஆனால் தனியிடம் யாரிடம் இருந்தது? போரில் வீடுகள் இடிந்து, திருமணமான தம்பதிகளே பெற்றோர் வீட்டு அறையில் ஒடுங்கிக் கிடந்த காலம் அது. உழைக்கும் வர்க்கத்து இளைஞன் தம்பிகளோடு ஒரே அறையில் படுப்பான். இல்லையென்றால் வாடகை அறை, கதவுக்கு வெளியே வீட்டுக்காரம்மாவின் காலடிச் சத்தம். அவனுக்குக் கிடைத்த தனிமை பூங்காவும் கழிப்பறையும்தான்; அவை சட்டத்தின் கண்ணில் தனியிடம் அல்ல. மூன்றாவது ஆள் இருந்தாலும் தனியிடம் அல்ல. 1967க்குப் பிறகு அந்த வகையில் பதிவான குற்றங்கள் குறையவில்லை, கூடின. சொந்த வீடும் சாத்திக்கொள்ளக் கதவும் உள்ளவருக்குச் சட்டம் நன்றாகவே பொருந்தியது.

அப்புறம் இன்னொரு விலக்கு: 1967 சட்டம் ராணுவத்துக்கும் வணிகக் கப்பல் ஊழியர்களுக்கும் பொருந்தாது. வின்செஸ்டர் வழக்கிலிருந்து புறப்பட்ட சீர்திருத்தம், அந்த வழக்கின் காதலர்களில் ஒருவரான செய்தியாளரைக் காப்பாற்றியிருக்கும். சீருடையில் இருந்தவரைக் காப்பாற்றியிருக்காது.

மாண்டகு ப்யூலிக்குத் திரும்பினார். அங்கே அவர் தொடங்கிய பழைய கார்களின் காட்சி நாட்டின் தேசிய மோட்டார் அருங்காட்சியகமாக வளர்ந்தது; 1980களில் அரசு அமைப்பான ‘இங்கிலீஷ் ஹெரிடேஜ்’ நிறுவனத்தின் முதல் தலைவரும் ஆனார். வழக்கைப் பற்றி 2000இல் தன்வரலாறு எழுதும்வரை பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. 2015இல் இறந்தார். வைல்ட்பிளட் சோஹோவில் கொஞ்ச காலம் ஒரு குடிக்கூடம் நடத்தினார், தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஆனார், கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். 1994இல் வந்த பக்கவாதம் அவர் பேச்சையும் கைகால்களையும் எடுத்துக்கொண்டது. முகவாயால் கணினியை இயக்கி எழுதக் கற்றுக்கொண்டார்.

அதே 1994இல்தான் படைகளில் இது கிரிமினல் குற்றம் என்பது போயிற்று. ஆனால் வேலையிலிருந்து நீக்குவது தொடர்ந்தது. 1999 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்தத் தடை தவறு என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் விமானப்படையினரும் இருந்தார்கள். நவம்பரில் வைல்ட்பிளட் கனடாவின் விக்டோரியா நகரில் காலமானார். ஒரு கார்ப்பரல் தன் காதல் கடிதங்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே வேலையிலும் நீடிக்கலாம் என்று பிரிட்டிஷ் விமானப்படை ஒப்புக்கொண்டது அதற்கு இரண்டு மாதம் கழித்து, 2000 ஜனவரியில்.